மாருதி 800க்கு மாற்று என்ஜின்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து உக்கடம் வரை தேடி வாங்கிய அனுபவம்

எங்கள் வீட்டு மாருதி 800 கார் 2004ஆம் ஆண்டில் பாலக்காட்டில் பதிவானது. அதன் என்ஜின் பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் அமைந்த முக்கிய உடற்பகுதியில், விரிசல் விழுந்ததால் வேறு என்ஜின் தேட வேண்டியதாயிற்று. கொழிஞ்சாம்பாறையிலும் பாலக்காட்டிலும் விசாரித்து, கடைசியில் கோவை உக்கடம் பக்கத்தில் உள்ள பழைய உதிரிபாகக் கடை ஒன்றில், எங்கள் காரில் இருந்த அதே எஃப்8பி வகை என்ஜினை வாங்கினோம். லேத்தில் அளந்து, வேண்டிய வேலைகளைச் செய்து, காரில் ஏற்றி, ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றில் என்ஜின் எண்ணையும் மாற்றிய பிறகே இதை எழுதுகிறேன். வாங்கிய பொருளில் எனக்கு முழுத் திருப்தி. வாங்கிய கடையில் முக்கால் திருப்தி. எங்கள் பக்கத்தில் இத்தகைய பழைய சிறிய கார் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. என்ஜின் மாற்றுவதைப் பற்றி அவர்களிடம் பேச்செடுத்தால், எவ்வளவு விலை, எவ்வளவு இழுக்கும் என்ற இரண்டு கேள்விகளே முதலில் வருகின்றன. பிளாக்கின் அளவு என்ன, அந்த என்ஜினுக்குக் காகிதம் இருக்கிறதா என்ற இரண்டையும்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கிய மாருதி 800, 2014 ஜனவரியில் தயாரிப்பு நிறுத்தப்படும்வரை இந்தியாவில் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 72 மில்லிமீட்டர், வார்ப்பிரும்புப் பிளாக், அலுமினிய ஹெட் என்பது இந்த என்ஜினின் அமைப்பு. இத்தனை கார்கள் ஓடியதால் ரிங் செட், பேரிங், கேஸ்கட் எல்லாம் இன்றும் சிற்றூர்க் கடைகளில்கூடக் கிடைக்கின்றன. இந்த என்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக்கும் எங்கள் பக்கத்தில் இல்லை. இருபது ஆண்டு கடந்த காருக்குச் செலவு செய்வது சரியா என்று வீட்டில் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்.

விரிசல் வந்த காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்குள்ள பல கார்களுக்கு இதே கதிதான் வருகிறது. கிழக்குப் பாலக்காட்டில் மழை குறைவு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடுமையான உப்பு நீர். ரேடியேட்டரில் அந்த நீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றி ஓட்டுவது இங்கு வழக்கம். நாங்கள் இரண்டாவது கையாக வாங்கிய இந்தக் காரிலும் முந்தைய ஆண்டுகளில் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். என்ஜினைப் பிரித்தபோது சிலிண்டர்களைச் சுற்றியுள்ள நீர்ப்பாதைகளில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் படிவு விரல் கனத்துக்கு அடைத்திருந்தது. நீர் சுற்றாத இடம் சூடேறி, பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கட் முதலில் போயிற்று. புதிய கேஸ்கட் போட்டு, ஹெட்டை லேத்தில் தேய்த்துச் சமன் செய்த பிறகும் ரேடியேட்டரில் குமிழி வந்துகொண்டே இருந்தது. பிறகு பிளாக்கின் திறப்புகளைத் தகடு வைத்து அடைத்து, காற்றை ஏற்றி, தொட்டி நீரில் இறக்கிப் பார்த்தார்கள். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவது சிலிண்டருக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத கோடு ஒன்றிலிருந்து சிறு சிறு குமிழிகள் வரிசையாக எழுந்தன. வார்ப்பிரும்பு வெல்டிங் செய்து தருவதாகச் சிலர் சொன்னார்கள். சிலிண்டர்களுக்கு இடையிலான அந்தக் குறுகிய இடத்தில், மாறி மாறிச் சூடும் குளிர்ச்சியும் படும்போது வெல்டிங் நிற்காது என்று எங்கள் மெக்கானிக் உறுதியாகச் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன்.

பிளாக் உடையாமல் இருந்திருந்தால் மாற்று என்ஜின் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். என் மச்சானின் ஆம்னி வேனில் இதே எஃப்8பி என்ஜின்தான். அது ஆயில் குடிக்கத் தொடங்கியபோது, மூன்று சிலிண்டருக்கும் புதிய லைனர் (உள்ளே செருகும் உருளை உறை) அடித்து, பழைய அளவுக்கே போரிங் செய்து (உட்சுவரைக் கடைந்து), சாதாரண அளவுப் பிஸ்டன் போட்டு ஓட்டுகிறார். பிளாக் அதேதான் என்பதால் என்ஜின் எண் மாறவில்லை. எந்த அலுவலகத்துக்கும் அவர் போக வேண்டியிருக்கவில்லை. கேரளப் பதிவு காரை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் பொருள் வாங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது பின்னால் வரும் காகித வேலையைப் படித்தால் புரியும். வார்ப்பிரும்புப் பிளாக்கை 0.25, பிறகு 0.50 மில்லிமீட்டர் என்று இரண்டு முறை அகலப்படுத்தி அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடலாம். அதுவும் முடிந்த பிறகு லைனர் வழி இருக்கிறது. எனவே புகை தள்ளுகிறது, இழுவை இல்லை என்பதற்காக மட்டும் யாராவது என்ஜினை மாற்றச் சொன்னால், முதலில் பிளாக்கை அளக்கச் சொல்லுங்கள்.

மாற்றுவது என்று முடிவானதும் வந்த முதல் யோசனை, ஆல்டோ என்ஜினைப் போட்டுவிடலாம் என்பது. ஆல்டோவின் எஃப்8டி என்ஜினும் அதே 796 சி.சி.தான், ஆனால் ஆறு வால்வுக்குப் பதில் பன்னிரண்டு வால்வு இருப்பதால் எங்கள் காரின் 37 குதிரைத்திறன், 46, 47 அளவுக்கு உயரும். இன்னொருவர் வேகன் ஆரின் நான்கு சிலிண்டர், 1061 சி.சி. என்ஜினையே சிபாரிசு செய்தார். கே10 காரின் 998 சி.சி. என்ஜினைப் போட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள் என்றார்கள். இளைஞர்களுக்கு இந்த ஆசை வருவதில் தவறில்லை. ஆனால் குடும்பக் காருக்கு இது பொருந்தாது என்று நான் நினைப்பதற்குக் காரணங்கள் உண்டு. என்ஜினோடு அதன் கம்ப்யூட்டர் பெட்டி, ஒயரிங், சென்சார்கள் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். ஒன்று ஒத்துப்போகாவிட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், புகைச் சான்று எடுக்கும் இடத்தில் சிக்கல் வரும். 12 அங்குலச் சக்கரமும் நான்கு கியரும் கொண்ட காரின் பிரேக்கும் சஸ்பென்ஷனும் இன்னொரு மடங்கு பலத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 1000 சி.சி.யைத் தாண்டினால் மூன்றாம் நபர் காப்பீட்டுத் தொகையும் வேறு பிரிவுக்குப் போய்விடும். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், அதற்குமேல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதன் பிறகு கேரள மோட்டார் வாகனத் துறையின் சோதனை எவ்வளவு கடுமையானது என்பதை வாளையாறு வழியாகவோ வேலந்தாவளம் வழியாகவோ அடிக்கடி போய்வருபவர்கள் அறிவார்கள். அதே வகை, அதே திறன் கொண்ட என்ஜினுக்கு அனுமதி கேட்டால் அலுவலகத்தில் பேச முடிகிறது. வேறு வகை என்றால் பேச்சே எடுபடுவதில்லை. ஆகவே எஃப்8பிக்கு எஃப்8பி என்று முடிவுசெய்தோம்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்து 800, இன்ஜெக்டர் வந்த பிறகான 800, ஆம்னி ஆகிய மூன்றிலும் எஃப்8பி என்ற பெயரே இருக்கிறது. கடைக்காரர்கள் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லி எடுத்து வைப்பார்கள். ஆனால் கார்புரேட்டர் என்ஜினில் இன்ஜெக்டர் மேனிஃபோல்டும் (சிலிண்டர்களுக்குக் காற்று செல்லும் குழாய்த் தொகுதி) சென்சார் அமைப்பும் இருக்காது. ஆம்னியில் என்ஜின் முன் இருக்கைக்குக் கீழே நீளவாக்கில் படுத்துப் பின்சக்கரத்தை ஓட்டுகிறது. 800இல் குறுக்காக நின்று முன்சக்கரத்தை ஓட்டுகிறது. இதனால் ஆயில் சம்ப், மவுண்ட், மேனிஃபோல்டு எல்லாம் வேறு. எங்களுக்கு வேண்டியது 2000க்குப் பிந்தைய இன்ஜெக்டர் 800இலிருந்து இறக்கியது. இதை முதல் வார்த்தையாகவே சொல்லிவிட்டால் பாதிக் கடைகள் தாமாகவே கழிந்துவிடுகின்றன.

எங்கள் ஊருக்கு அருகிலேயே, புதுப்பித்த என்ஜின் என்று விற்கும் ஓர் இடத்தில் முதலில் பார்த்தோம். சுத்தமாகக் கழுவி, வெள்ளிப் பெயின்ட் அடித்து, புதிய கேஸ்கட் விளிம்புகள் வெளியே தெரிய, பார்வைக்குப் புதியதாகவே இருந்தது. விலையும் கூடுதல். என்ன அளவு போரிங் என்று கேட்டதற்கு ஸ்டாண்டர்டு, அதாவது அகலப்படுத்தாத மூல அளவு, என்றார்கள். அளந்த சீட்டு எதுவும் இல்லை. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகச் சிறு கேமராவை இறக்கிப் பார்க்க எங்களோடு வந்திருந்த லேத் பெரியவர் அனுமதி கேட்டார், தயக்கத்தோடு ஒப்புக்கொண்டார்கள். பிஸ்டனின் தலையில், கரியைத் துடைத்த இடத்தில், 0.50 என்ற முத்திரை தெளிவாகத் தெரிந்தது. பெரியவர் என் பக்கம் திரும்பி, “தம்பி, இது ஏற்கெனவே அம்பது அடிச்ச பிளாக்குங்க, அடுத்த தடவை இதுல போரிங்குக்கு இடமே இல்லீங்க” என்றார். அந்த என்ஜின் ஓடாது என்று நான் சொல்லவில்லை. இன்னும் சில ஆண்டுகள் நன்றாகவே ஓடலாம். ஆனால் கடைசிப் படியில் நிற்கும் பிளாக்கை முதல் படியில் நிற்பதாகச் சொல்லி, அதற்குக் கூடுதல் விலையும் கேட்பது நியாயமில்லை. புதுப்பித்த என்ஜின் வாங்குபவர்கள் பிஸ்டன் முத்திரையைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பெயின்ட் அடித்த என்ஜினில் கசிவின் தடமும் மறைந்துவிடுகிறது. அழுக்கோடு இருக்கும் என்ஜினில் எங்கே ஆயில் கசிந்தது, எங்கே நீர் கசிந்தது என்பது தடமாகவே படிந்திருக்கும்.

உக்கடம் கடைக்கு வருகிறேன். வண்டிகளை உடைத்துப் பாகம் பிரிக்கும் கடைகளில் பொதுவாக என்ஜின்கள் தரையில் குவிந்து கிடக்கும். மழை நீர் இறங்கி, சிலிண்டரில் துரு ஏறியிருக்கும். இந்தக் கடையில் என்ஜின்களை மரச்சட்டங்களின்மேல் நிறுத்தி, திறப்புகளில் துணி அடைத்து, எந்த வண்டியிலிருந்து இறக்கியது என்பதைச் சிறிய அட்டையில் எழுதிக் கட்டி வைத்திருக்கிறார்கள். நான் இந்தக் கடையைத் தேர்ந்தெடுக்க முதற்காரணம் அந்த அட்டைதான். எங்களுக்குக் காட்டிய என்ஜின், பின்பக்கம் மோதி நொறுங்கிய 2006ஆம் ஆண்டு 800 ஒன்றிலிருந்து இறக்கப்பட்டது. பின்னால் அடிபட்ட காரின் என்ஜின், முன்னால் அடிபட்டதைவிட நம்பத்தக்கது. மவுண்ட், முன்பக்கப் புல்லி, ஆயில் சம்ப் எதுவும் அடிவாங்கியிருக்காது.

வெள்ளத்தில் மூழ்கிய காரின் என்ஜினா என்ற சோதனையை இங்கே எல்லோரும் செய்ய வேண்டும். சென்னையில் 2015 டிசம்பரிலும் கேரளத்தில் 2018 ஆகஸ்டிலும் மூழ்கிய கார்கள் ஏராளம். அவற்றின் பாகங்கள் இன்றும் சந்தையில் சுற்றுகின்றன. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, கிளட்ச் இருக்கும் கூட்டுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் வெள்ளத்தின் நுண்மணல் கையில் ஒட்டும். ஆயில் குச்சியின் மேற்பகுதியில் செந்துரு இருந்தாலும் ஐயப்பட வேண்டும். எங்கள் என்ஜினில் கிளட்ச் தூள் மட்டுமே இருந்தது. பிளாக்கின் பக்கவாட்டில் நீர்ப்பாதைத் துளைகளை அடைக்கும் தகட்டு மூடிகளான வெல்ஷ் பிளக்குகளும் முக்கியமான சாட்சி: உப்பு நீரில் ஓடிய என்ஜினில் அவை உள்ளிருந்து அரித்துத் துளைபோட்டிருக்கும். இதில் ஒன்றைத் தட்டிக் கழற்றிப் பார்க்கக் கடைக்காரர் தாமாகவே முன்வந்தார். உள்ளே பச்சை நிறக் கூலன்ட்டின் கறை இருந்தது, வெள்ளைப் படிவு இல்லை. இதற்கு முன் காரை வைத்திருந்தவர் யாராக இருந்தாலும் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கம்ப்ரஷன் சோதனை அடுத்தது. மூன்று பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, நல்ல பேட்டரி கொடுத்து, ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டு, ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். அழுத்தம் எவ்வளவு என்பதோடு, மூன்றுக்கும் இடையில் எவ்வளவு வேறுபாடு என்பதும் பார்க்கத் தக்கது. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குமேல் வேறுபட்டால் அந்த என்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். எங்களுடையதில் நடுச் சிலிண்டர் சற்றுக் குறைவாகக் காட்டியது. அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி சுற்றியபோது அழுத்தம் ஏறியது. ஆயில் விட்டால் ஏறுவது ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட் கோளாறு. ரிங் என்றால் எப்படியும் மாற்றப்போகிறோம் என்பதால் அது எங்களுக்குக் குறையாகப் படவில்லை; ஆனால் விலை குறைக்க அதைச் சொன்னோம், கடைக்காரரும் ஏற்றுக்கொண்டார். 17,000 ரூபாய்க்கு முடிந்தது. பழைய என்ஜின் எந்த நிலையில் இருந்தாலும் ஓடும் சத்தத்தைக் கேட்டு வாங்குபவர்களே அதிகம். கெட்டியான ஆயிலை ஊற்றினால் தேய்ந்த பேரிங்கின் தட்டும் சத்தம் அடங்கிவிடும் என்பதால் சத்தத்தை நான் நம்புவதில்லை.

இனி கடையின் குறைகள். பில் கேட்டபோது முதலில் வெறும் துண்டுச் சீட்டுதான் தந்தார்கள். ஜி.எஸ்.டி. எண்ணோடு, என்ஜின் எண்ணைக் குறிப்பிட்டு, முறையான பில் வேண்டும் என்று வற்புறுத்த வேண்டியிருந்தது. உடைத்த காரின் பதிவு ரத்தான கடிதத்தின் நகலைத் தருவதற்கும் தாமதம் செய்தார்கள். கடைக்காரர் ஏமாற்றப் பார்த்தார் என்று நான் கருதவில்லை; இதுவரை யாரும் இவ்வளவு கேட்டதில்லை என்று அவரே சொன்னார். ஆனால் கேட்பவர்களுக்கு மட்டும்தான் கொடுப்போம் என்ற பழக்கம் மாற வேண்டும். உத்தரவாதம் ஒரு மாதம். அதுவும் பிளாக் விரிசலுக்கு மட்டும். ஏற்றி இறக்கும் கூலி எங்களுடையது. இந்த நிபந்தனைகளை பில்லிலேயே எழுதித் தந்தது நல்ல விஷயம்.

கடையிலிருந்து என்ஜினை நேராக லேத்துக்குக் கொண்டுபோனோம். கோவையில் போரிங் லேத்துகளுக்குக் குறைவில்லை. எங்கள் பெரியவரின் பட்டறை சிறியதுதான். ஹெட்டைக் கழற்றி, போர் கேஜை ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று மட்டத்திலும், ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையிலும் வைத்து, சாக்கட்டியால் பிளாக்கின் மேலேயே அளவை எழுதிக்கொண்டே வந்தார். தேய்மானம் அதிகபட்சமாக 0.03 மில்லிமீட்டர்தான் இருந்தது. போரிங் வேண்டாம், ஹோனிங் (உட்சுவரை லேசாகத் தேய்த்தல்) போட்டுப் புதிய ஸ்டாண்டர்டு ரிங் போதும் என்றார். அவர் நினைத்திருந்தால் மூன்று சிலிண்டருக்கும் போரிங், மூன்று பிஸ்டன் என்று சில ஆயிரங்களைச் சேர்த்துக் கூலி வாங்கியிருக்கலாம். ஹெட்டின் முகத்தில் நேர்க்கோலை வைத்து, 0.05 மில்லிமீட்டர் தகட்டை நுழைத்துப் பார்த்ததில் அது எங்கும் புகவில்லை. வால்வுகளை உட்கார வைத்து, வால்வு ஆயில் சீல்களை மட்டும் மாற்றினார்கள். கிராங்க் ஷாஃப்டில் கோடுகள் இல்லை. பேரிங் செட் புதிது போட்டோம்.

என்ஜின் வெளியே இருக்கும்போது செய்ய வேண்டிய சில்லறை வேலைகளில் சிக்கனம் பார்க்கவே கூடாது. டைமிங் பெல்ட், அதன் டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்கின் முன் பின் ஆயில் சீல்கள், கிளட்ச் பிளேட், என்ஜின் மவுண்ட் ரப்பர்கள் எல்லாம் மாற்றினோம். வரலாறு தெரியாத என்ஜினின் டைமிங் பெல்ட்டை ஒரு நாள்கூட நம்பி ஓட்ட முடியாது. பின்பக்க ஆயில் சீலின் விலை மிகச் சொற்பம். பிறகு மாற்றுவதென்றால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், பெட்ரோல் செல்லும் பழைய ரப்பர் குழாய்களையும் அதைத் தாங்கும் வகைக்கு மாற்றச் சொன்னேன். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து பயன்படுத்தலாம் என்றார் மெக்கானிக். இத்தனைக்கும் காரணமே அதன் அடைப்புதான் என்பதால் புதியதாகவே போட்டோம். இனி அதில் கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் தவிர வேறெதுவும் ஊற்றுவதில்லை. என்ஜின் விலை, லேத் கூலி, உதிரிபாகங்கள், ரேடியேட்டர், பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 45,000 ரூபாயை ஒட்டி வந்தது. காரை விற்றால் கிடைக்கக்கூடிய தொகையோடு ஒப்பிட்டால் இது அதிகம்தான். ஆனால் இதே பணத்துக்கு வாங்கக்கூடிய இன்னொரு பழைய காரின் என்ஜின் எந்த நிலையில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதன் ஒவ்வொரு அளவும் எனக்குத் தெரியும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிப்பு. எங்கள் கார் 2024இல் இரண்டாவது முறை புதுப்பிக்கப்பட்டது; 2029 வரை ஓட்டலாம். பதிவு முடியச் சில மாதமே இருக்கும் காருக்கு நான் இந்தச் செலவைச் சிபாரிசு செய்ய மாட்டேன், ஏனென்றால் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலிலேயே 600இலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

காகித வேலையில்தான் எல்லையோரத்தவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. எங்கள் கார் கேரளப் பதிவு, என்ஜினோ தமிழ்நாட்டுப் பதிவு காரிலிருந்து வந்தது. என்ஜின் மாற்றத்துக்கு முன் அனுமதி பெறுவதே முறை. மாற்றிய 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் குறிக்க வேண்டும் என்கிறது சட்டம். நாங்கள் முன்கூட்டியே சித்தூர் அலுவலகத்துக்குப் போய் என்னென்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். என்ஜின் வாங்கிய பில், உடைத்த காரின் ஆர்.சி. நகல், அதன் பதிவு ரத்தான கடிதம், மெக்கானிக்கின் பொருத்திய பில், எங்கள் ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றைக் கொடுத்தோம். வண்டி இனி ஓடவே முடியாமல் போனால், அதன் பதிவு ரத்தாகும்படி உரிமையாளர் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி ரத்தாகாத காரின் என்ஜினை வாங்கினால், கணினியில் அந்த எண் இன்னொரு வண்டியின் பெயரில் உயிரோடு நிற்கும். அங்கேயே விண்ணப்பம் நின்றுவிடும். திருட்டு வண்டியின் என்ஜின் கையில் சிக்கும் ஆபத்தும் இப்படித்தான் வருகிறது. வண்டி ஆய்வாளர் பானெட்டைத் திறக்கச் சொல்லி, பிளாக்கில் பொறித்த எண்ணை, அதன்மேல் காகிதம் வைத்துத் தேய்த்தெடுத்த எங்கள் பென்சில் பிரிண்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார். எண் பொறித்த இடத்தில் தேய்த்த தடமோ பெயின்ட்டோ இருந்தால் வாங்கவே வேண்டாம். ஆர்.சி. மாறியதும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதி, பாலிசியில் புதிய எண்ணை ஏற்றிக்கொண்டோம். இதைச் செய்யாதவர்களுக்கு விபத்து இழப்பீடு கேட்கும்போது தடை வரும்.

ஓட்டத்தைப் பற்றி: முதல் ஆயிரம் கிலோமீட்டர் அதிக வேகம் போகாமல், ஒரே வேகத்திலும் நெடுநேரம் ஓட்டாமல், பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினோம். அதன் பிறகு ஆயில் குச்சியில் மட்டம் இறங்கவே இல்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை இல்லை. நெம்மாறையிலிருந்து போத்துண்டி வழியாக நெல்லியாம்பதிக்கு நால்வரோடு ஏறியபோது வெப்பமானியின் முள் நடுவைத் தாண்டவில்லை. பழைய என்ஜினில் பாதி வழியில் நிறுத்த வேண்டியிருந்த ஏற்றம் அது. இழுவை, புதிதாக வந்த காலத்து 800 எப்படி இழுத்ததோ அப்படித்தான் இருக்கிறது, அதற்குமேல் இல்லை. வாளையாறு நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது மூன்றாவது கியருக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். புகைச் சோதனையில், 2004 மாடலுக்கான வரம்பான 0.5 சதவீதக் கார்பன் மோனாக்சைடு, பத்து லட்சத்தில் 750 பங்கு ஹைட்ரோகார்பன் இரண்டுக்கும் வெகுவாகக் கீழேயே நின்றது.

கடைசியாக, விரிசல் விட்ட பழைய பிளாக். உக்கடம் கடைக்காரரே அதை இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டார். பிளாக்கில் பொறித்த எங்கள் பழைய எண்ணைக் குறிப்பிட்டு, உடைந்த நிலையில் இரும்புக்காகப் பெற்றுக்கொண்டதாக அவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, இரண்டு பக்கமும் புகைப்படம் எடுத்து, ஆர்.சி. நகலோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அந்த எண் இன்னொரு வண்டியில் பொருத்தப்பட்டு வெளியே வந்தால் முதலில் தேடி வருவது எங்கள் வீட்டைத்தான் என்பதால், பழைய என்ஜினைக் கொடுக்கும் எவரும் இந்தச் சீட்டு இல்லாமல் கொடுக்க வேண்டாம்.